அவசரம்: தமிழிலும் தெலுங்கிலும்

வடமொழியில் 'அவசர' என்றால் தருணம், வாய்ப்பு. இந்தியும் மலையாளமும் அந்தப் பொருளை விடவில்லை. மலையாளத்தில் 'அவசரம் கிட்டி' என்றால் வாய்ப்பு கிடைத்தது என்று அர்த்தம். கன்னடம் நம்மைப் போலவே வேகத்தின் பக்கம் போய்விட்டது. உண்மையான சிக்கல் தமிழுக்கும் தெலுங்குக்கும் நடுவில்தான்.

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. நாம் 'எனக்கு அவசரம் இல்லை' என்போம். அவர்கள் 'நாகு அவசரம் லேது' என்பார்கள். இலக்கணம் அச்சு அசலாக ஒன்றுதான், இரண்டிலும் ஆளுக்குக் 'கு' உருபு. ஆனால் நாம் 'மெதுவாகக் கொடு' என்கிறோம், அவர்கள் 'வேண்டவே வேண்டாம்' என்கிறார்கள். 'போக வேண்டிய அவசரம் இல்லை' என்று தமிழில் கேட்டவர் நாளைக்குப் போவார். அதே வாக்கியத்தைத் தெலுங்கில் கேட்டவர் போகவே மாட்டார்!

வினையாக்கும்போதுதான் இலக்கணமும் பிரிகிறது. 'அவன் அவசரப்பட்டான்' என்பதில் எழுவாய் ஆள். அது அவன் குணத்தையே சொல்கிறது. தெலுங்கின் 'அவசரம் படிந்தி' என்பதில் எழுவாய் தேவைதான், ஆள் 'அவனுக்கு' என்று ஒதுங்கி நிற்கிறான். அவசரப்படாதே என்று நாம் ஆளைக் கண்டிக்கலாம். தெலுங்கில் அந்த இடத்துக்குத் 'தொந்தர' என்ற வேறு சொல் வேண்டும்.

மூலத்துக்கு இரண்டுமே நெருக்கமில்லை. ஆனாலும் தெலுங்குப் பொருள்தான் எனக்குக் கொஞ்சம் பக்கத்தில் தெரிகிறது: தருணம் வந்தால் தேவையும் வரும்.