"வியர்வையில் கலையாது" என்று விற்கும் முகப் பெயின்ட்: எங்களுக்கு 6,480 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

கூத்து, நாடகம், திருவிழா வேஷம், பள்ளிக்கூட மாறுவேடப் போட்டி, எதற்காக இருந்தாலும் சரி, "வியர்த்தாலும் கலையாது, தேய்த்தாலும் கையில் ஒட்டாது" என்று வீடியோ காட்டி விற்கிற முகப் பெயின்ட் செட்டை நம்பிப் பணம் அனுப்பிவிடாதீர்கள். எங்களுக்கு 6,480 ரூபாய் போய்விட்டது. என் தம்பியின் கண் இன்னும் சிவந்து கிடக்கிறது. கடையின் பெயரை நான் போடவில்லை. சென்னையில் இருந்துகொண்டு நடன நகை, டோப்பா, மேக்கப் சாமான் எல்லாவற்றுக்கும் போனிலேயே ஆர்டர் எடுத்துக் கூரியரில் அனுப்புகிற கடை. இந்த மாதிரிக் கடைகள் இப்போது ஏகப்பட்டது இருக்கின்றன, அதனால்தான் எழுதுகிறேன். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நாங்கள் ஆந்திராவில், நகரிக்குப் பக்கத்துக் கிராமம். பள்ளிப்பட்டு, திருத்தணி எல்லாம் பஸ் ஏறினால் வந்துவிடும். வீட்டில் தமிழ், ஆபீஸில் தெலுங்கு. கோடையில் தருமராஜா கோயிலில் பாரதத் திருவிழா வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து. அப்பா ஒரு ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, வாத்தியார். இந்த வருஷம்தான் தம்பிக்குத் துரியோதனன் வேஷம் கொடுத்தார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். துரியோதனன் வேஷம் ராத்திரியோடு முடிகிற காரியம் இல்லை. பாரதப் போரின் கடைசி நாளைக் காட்டும் பதினெட்டாம் போர் கூத்து விடிந்ததும், துரியோதனன் விழுகிற படுகளம். கோயிலுக்கு வெளியே திடலில் மண்ணால் பெரிய துரியோதனன் உருவத்தைப் படுத்த வாக்கில் செய்து வைத்திருப்பார்கள். வேஷம் கட்டியவன் அதைச் சுற்றி ஓட வேண்டும், பீமன் கதாயுதத்தோடு துரத்துவான், எங்கள் பக்கம் பெண்கள் துடைப்பத்தால் அடிப்பார்கள். தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் மார்புக்கட்டை, எல்லாம் மரம். ராத்திரி எழுதிய முகத்தோடு வெயில் ஏறும் வரை அத்தனையும் ஆட வேண்டும். முகம் கலைந்தால் வேஷம் போச்சு.

பழைய காலத்தில் அரிதாரம், முத்துவெள்ளை, செந்தூரம் என்ற நிறப் பொடிகளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத்தான் பூசுவார்கள். அப்பா சின்ன வயதிலிருந்து அப்படிப் பூசியவர். அரிதாரம் என்பது ஆர்சனிக் உள்ள கல். சில செந்தூரத்தில் ஈயமும் இருக்கும். முகத்தில் பூசும் பொருளில் நிறத்துக்காக இந்த இரண்டின் சேர்மங்களையும் சேர்க்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அப்பாவின் தாடை ஓரமெல்லாம் கருத்துத் தடித்துப் போயிருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான், தம்பி முகத்துக்கு நல்ல சரக்கு வாங்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். எண்ணெய்ப் பூச்சில் இன்னொரு தொல்லையும் உண்டு. போகஸ் லைட் வெளிச்சத்தில் பளபளக்கும், மணிக்கட்டு பட்டாலே சிவப்பு ஈஷிக்கொள்ளும்.

அப்போதுதான் அந்த வீடியோ கண்ணில் பட்டது. ஒரு பெண்ணின் முழங்கையில் சிவப்பும் வெள்ளையும் பூசிக் குழாயடியில் பிடிக்கிறார்கள். தண்ணீர் கொட்டுகிறது, நிறம் அசையவில்லை. வெள்ளைத் துணியால் ஒற்றுகிறார்கள், துணி வெள்ளையாகவே இருக்கிறது. உடனே பணம் அனுப்பிவிடவில்லை நான். வேஷம் என்ன, எத்தனை மணி நேரம், எந்த வெயில், எவ்வளவு வியர்க்கும் என்று எல்லாவற்றையும் எழுதிக் கேட்டேன். அந்தக் கடைப் பெண் குரல் பதிவிலேயே பதில் அனுப்பினார். "அக்கா, துரியோதனன் வேஷமா? எங்க தாத்தா ஊர் காஞ்சிபுரம் பக்கம், சின்ன வயசுல நான் படுகளம் பார்த்திருக்கேன்க்கா. எனக்குத் தெரியாதா? கூத்துக்காரங்க நிறைய பேர் நம்மகிட்டதான் வாங்குறாங்க. நீங்களா ரிமூவர் போட்டுத் துடைச்சாத்தான் போகும். என் தம்பிக்கு வாங்குற மாதிரி நெனச்சுத்தான் சொல்றேன்."

படுகளம் தெரிந்த பெண், தம்பி என்று வேறு சொல்கிறார். அந்த ஒரு குரல் பதிவை அப்பாவுக்கும் போட்டுக் காட்டினேன். அவரும் தலையாட்டினார். யாராக இருந்தாலும் நம்பத்தான் செய்வார்கள்.

பெயின்ட் செட் 4,200 ரூபாய். மேலே அடிக்கிற ஸ்ப்ரே இரண்டு பாட்டில் 1,500. துடைக்கிற ரிமூவர் 780. ஆக 6,480 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே. ஜமாவில் எல்லோரும் ஒரு ராத்திரிக் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்துச் சேர்த்த பணம் அது. மிருதங்கக்காரரும் முகவீணைக்காரரும்கூடக் கொடுத்தார்கள்.

பணம் போன பிறகு பார்சல் நகரவே இல்லை. கேட்டால் "லாரியில் ஏறிடுச்சுக்கா". பதினெட்டாம் போருக்கு முந்தின நாள் இருட்டிய பிறகுதான் கைக்கு வந்தது. இருந்தாலும் தம்பியின் கையில் பூசி, ஸ்ப்ரே அடித்து, காய வைத்துக் குழாயில் பிடித்துப் பார்த்தோம். வீடியோவில் காட்டியது போலவே நின்றது.

ராத்திரி முகம் எழுதி முடித்தபோது அவ்வளவு அழகாக இருந்தது. சிவப்பு அப்படியே மேட்டாக, கண்ணைச் சுற்றி வெள்ளைக் கோடு கூர்மையாக. நடு ராத்திரி வரைக்கும் தாங்கியது. அப்புறம் மூக்கோரத்தில் விரிசல். விடியற்காலை மேல் உதடு முழுக்கச் செதில் செதிலாகக் கிளம்பிவிட்டது. தொட்டுச் சரி பண்ணலாம் என்று ஸ்பாஞ்ச் வைத்தால் அடியில் இருந்ததும் சேர்ந்து உரிந்து வருகிறது.

படுகளத்தில் வெயில் ஏறியதும் எல்லாம் முடிந்தது. நெற்றிப் பட்டைக்குக் கீழே சிவப்பு கரைந்து புருவத்தில் தேங்கி, அங்கிருந்து இரண்டு கண்ணுக்குள்ளும் இறங்கியது. வெள்ளைக் கோடு, மீசைக் கருப்பு, சிவப்பு எல்லாம் கலந்து கழுத்து வழியாக ஒரு மாதிரிச் சாம்பல் நிறத்தில் ஓடி மார்புக்கட்டையின் கண்ணாடித் துண்டுகளுக்குள் புகுந்துவிட்டது. தம்பி கண்ணைத் திறக்க முடியாமல் ஓடினான். மண் உருவத்தின் கால் தடுக்கி விழுந்தான். கூட்டம் அதையும் கூத்து என்று நினைத்துக் கை தட்டியது. வேஷத்தைப் பாதியில் கலைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடையில் அடி வாங்கிச் சாய்கிற வரைக்கும் ஆடி முடித்தான். அதற்குப் பிறகுதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்க் கண்ணைக் கழுவ முடிந்தது. கன்னம் இரண்டும் கொப்புளம்.

சாயங்காலம் அந்தப் பெட்டியை எடுத்து நிதானமாகப் பார்த்தேன். மூடியில் கடைக்காரர்கள் ஒட்டிய பளபள ஸ்டிக்கர். நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் அடியில் இன்னொரு லேபிள். ஆங்கிலத்தில் பொடி எழுத்து: கைவேலைக்கு மட்டும், தோலிலும் கண்ணிலும் படாமல் வைக்கவும். தயாரித்தவர் பெயர் இல்லை, விலாசம் இல்லை, லைசென்ஸ் எண் இல்லை, பேட்ச் எண் இல்லை, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும் இல்லை. முகத்தில் பூசும் எந்தப் பொருளுக்கும் இவை இருந்தே ஆக வேண்டும். அந்தப் பெட்டிக்கு 4,200 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

பியூட்டி பார்லர் வைத்திருக்கும் சித்தி மகள் வந்து பார்த்துவிட்டு அந்தக் குழாய் வீடியோவின் வித்தையைச் சொன்னாள். தண்ணீர் மேலே இருந்து விழுகிறது. ஸ்ப்ரே படலத்தின் மேல் வழிந்து போய்விடும். வியர்வை அப்படி இல்லை, தோலுக்குள்ளிருந்து, பெயின்டுக்கு அடியிலிருந்து வருகிறது. உப்பும் எண்ணெயும் சேர்ந்து படலத்தைக் கீழிருந்தே தூக்கிவிடும். முழங்கையில் காட்டுவதும் அதற்குத்தான். நெற்றி அளவுக்கு அங்கே வியர்க்காது, முகம் மாதிரி அசையவும் அசையாது.

இனி அவர்கள் சொன்ன சமாதானங்களைக் கேளுங்கள். முதல் பதில்: "உங்க தம்பிக்கு ஆயிலி ஸ்கின், அதான்." அப்புறம்: "பிரைமர் போட்டீங்களா?" பெயின்டுக்கு அடியில் பூசும் அந்தப் பிரைமர் என்ற வார்த்தையையே அதுவரை அவர்கள் எடுக்கவில்லை. போட்டோ அனுப்பினேன். "பார்சல் பிரிக்கும் வீடியோ இருக்கா மேடம்?" பார்சல் உடைந்து வந்தது என்றா நான் சொன்னேன்? கண்ணில் இறங்கியது என்கிறேன், பிரிக்கும் வீடியோ கேட்கிறார்கள். அக்கா என்றவர் எப்போது மேடமுக்கு மாறினார் என்று தெரியவில்லை. சரி, பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "திறந்த ஐட்டத்துக்கு ரிட்டர்ன் இல்லை. அதோட உங்க பின்கோடு ஆந்திரா, அங்கே பிக்அப் வசதி கிடையாது." பணம் வாங்கி அனுப்பும்போது ஆந்திரா தடையாக இல்லை. எல்லை தாண்டியது பார்சல் மட்டும்தானா, பொறுப்பு தாண்டாதா? கடைசியாக, அடுத்த ஆர்டரில் 500 ரூபாய் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். 6,480 ரூபாயை விழுங்கிவிட்டு, திரும்பவும் அவர்களிடமே வாங்கினால் 500 ரூபாய் குறைப்பார்களாம். அந்த வீடியோவுக்குக் கீழே தம்பியின் கண் படத்தைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அழித்துவிட்டு என்னையும் பிளாக் செய்துவிட்டார்கள். பணம் அனுப்பிய ஆப்பில் கேட்டால், நீங்களே விருப்பப்பட்டு அனுப்பியது, விற்றவரிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று ஒரே வரி.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். ஆன்லைனில் விற்பவர்கள் புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020 நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் சொல்கின்றன. இவர்கள் தீர்த்த லட்சணம்தான் தெரியுமே. அதிலும் நடக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணமும் கிடையாது. 6,480 ரூபாய்க்கு வழக்கா என்று சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். ஆமாம், போடத்தான் போகிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது நிதானம் இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் தொட்டுப் பூசும் பெயின்ட் வியர்வைக்கு நிற்காது, யார் என்ன சொன்னாலும் சரி. எண்ணெய்ப் பசையான கிரீஸ் பெயின்ட் வாங்கினால் மெல்லிசாகப் பூசி மேலே பவுடரை அழுத்தி ஒற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஈஷும். ஆல்கஹால் கலந்த வகை நன்றாக நிற்கும், ஆனால் கண், உதடு பக்கம் கொண்டுபோகவே கூடாது. பணம் அனுப்பும் முன்னால் பெட்டியின் பின்பக்கப் படத்தைக் கேளுங்கள். லைசென்ஸ் எண் இல்லை என்றால், வெளிநாட்டுச் சரக்காக இருந்தால் இறக்குமதிப் பதிவு எண் இல்லை என்றால், வேண்டாம். "நச்சு இல்லாதது" என்று மட்டும் போட்டிருந்தால் அது முகத்துக்கானது என்று அர்த்தம் இல்லை. முழங்கை உள்பக்கம் பூசி ஒரு நாள் விட்டுப் பாருங்கள், பிறகு நெற்றியில் பூசி வெயிலில் ஓடிப் பாருங்கள். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் இருந்தால் உரித்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கு மாறுவேடம் போடுகிறவர்கள் கண்ணைச் சுற்றி எதையும் பூசாதீர்கள்.