பழைய மேக்ரோ லென்ஸ் வாங்குகிறீர்களா? கண்ணாடியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

மூன்று மாதம் சிலந்திகள் மீது கோபமாக இருந்தேன். அப்புறம் ஃபிளாஷ் மீது. அப்புறம் ஃபிளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்க நானே வெட்டி ஒட்டிய டிஃப்யூசர் மீது. கோபப்பட வேண்டிய ஆள் எனக்கு லென்ஸ் விற்றவர்தான் என்று புரிவதற்குள் அவர் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

சிலந்திகளைப் படம் எடுப்பது என் பொழுதுபோக்கு. முக்கியமாகத் தாவும் சிலந்திகள். அரிசியளவு உடம்பில் எட்டுக் கண்கள். அதில் முன்னால் இருக்கும் பெரிய இரண்டும் நம்மைத் திரும்பிப் பார்க்கும்போது வருகிற சந்தோஷத்தை இதில் விழுந்தவர்களிடம் விளக்க வேண்டியதில்லை. ஒரு வருடம் கேமராவோடு வந்த லென்ஸில், கிட்டத்தில் ஃபோகஸ் ஆவதற்காக எக்ஸ்டென்ஷன் டியூப் என்ற வெற்றுக் குழாயை மாட்டித்தான் ஓட்டினேன். அதில் ஒரே தொல்லை, ஃபோகஸ் கிடைப்பதற்குள் லென்ஸ் சிலந்தியின் முகத்தில் இடிக்கப் போகும், அது ஒரே தாவலில் இலைக்கு அடியில் போய்விடும். சின்னதைக் கிட்டத்தில் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸ், அதுவும் 100 மில்லிமீட்டர் என்றால், நிஜ அளவில் (பொருள் எவ்வளவோ சென்சாரில் விழும் பிம்பமும் அவ்வளவு) எடுக்கும்போதும் நடுவில் கிட்டத்தட்ட 14, 15 சென்டிமீட்டர் இடம் இருக்கும். புதிதாக வாங்கக் கையில் காசில்லை. செகண்ட் ஹேண்டில் தேடினேன்.

விளம்பரத்தில் லென்ஸை ஒரு நீலப் பூத்துணி மேல் வைத்துப் படம் பிடித்துப் போட்டிருந்தார். ‘புதுசு மாதிரி. கீறல் இல்லை, பூஞ்சை இல்லை, ஒருமுறைகூடத் திறந்ததில்லை.’ மாதிரிக்கு நான்கு படங்கள்: ரோஜா, பனித்துளி, ஒரு குழந்தையின் இமை, ஒரு பழைய நாணயம். எல்லாவற்றிலும் பின்னணி அப்படியே கரைந்து போயிருந்தது. அந்த மங்கலில்தான் மயங்கினேன். கேட்டவுடன் ஒரிஜினல் ஃபைல்களையே அனுப்பிவைத்தார். இவ்வளவு திறந்த மனசா என்று நினைத்துக்கொண்டேன்.

நேரில் பார்க்கப் போனபோது எனக்குத் தெரிந்ததையெல்லாம் சோதித்தேன். டார்ச் அடித்து முன்னாலும் பின்னாலும் பார்த்தேன். பூஞ்சை இருந்தால் சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் தெரியும், ஒன்றும் இல்லை. ஆட்டோ ஃபோகஸ் ஓடியது. மேக்ரோ என்று எழுதியிருக்கும் எல்லா லென்ஸும் நிஜ அளவுக்கு எடுக்காது, பல ஜூம் லென்ஸ்கள் கால் அளவோடு நின்றுவிடும். அதனால் ஸ்கேல் ஒன்றைக் கொண்டுபோய் எடுத்தேன். என் ஃபுல் ஃபிரேம் கேமராவில் அகலவாக்கில் சரியாக 36 மில்லிமீட்டர் விழுந்தது, சென்சாரின் அகலமும் அதே 36தான். சாயங்கால வெளிச்சம் மங்கிவிட்டிருந்ததால் இரண்டு, மூன்று படங்களையும் அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையை, முழுக்கத் திறந்துவைத்தே எடுத்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

“இன்னொருத்தர் முழுத் தொகையோட நிக்கிறார் பிரதர், நீங்க முதல்ல கேட்டீங்கன்னு உங்களுக்கு எடுத்து வெச்சேன்” என்றார். எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று இரவே ஒரு தாவும் சிலந்தி சுவரில் வசமாகச் சிக்கியது. அப்பர்ச்சர் எஃப் 11 (எண் கூடினால் துளை சிறிதாகும்), ஷட்டர் ஒரு நொடியில் 200ல் ஒரு பங்கு, ஃபிளாஷ் மேனுவலில். முதல் படம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. ஃபிளாஷைக் குறைத்தேன். அடுத்தது கொஞ்சம் பரவாயில்லை, அதற்கடுத்தது இருட்டு. எதையும் தொடாமல் மறுபடி அழுத்தினால் திரும்ப வெள்ளை. ஒன்றிரண்டு படங்களில் வெளிச்சம் பொருந்தி வந்தது. அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு கண்களின் கருவட்டமும் அவற்றைச் சுற்றியுள்ள மயிரும் மட்டும் கூர்மையாக இருக்கும். அதே முகத்தில் பக்கத்துக் கண்கள், வாயருகே குட்டிக் கால் மாதிரி இருக்கும் பால்ப் எல்லாம் பனிமூட்டம்.

எனக்குக் கை நடுங்குகிறது என்று நினைத்தேன். டிஃப்யூசர் சரியில்லை என்று நினைத்து ஃபோம் ஷீட், டிரேசிங் பேப்பர் என்று நான்கு விதமாகச் செய்து பார்த்தேன். ஃபிளாஷுக்கு பேட்டரி மாற்றினேன். மூன்று மாதம் போயிற்று. ஒரு முட்டைக்கூட்டிலிருந்து குஞ்சுகள் பிரிந்து போவதை எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தேன். அந்த இரவில் உருப்படியாக ஒரு படம் இல்லை. பணத்தைக்கூட மறந்துவிடுவேன், அதை மறக்க மாட்டேன்.

விஷயம் தற்செயலாகத்தான் பிடிபட்டது. லென்ஸின் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே விளையாட்டாக ஷட்டரை அழுத்தினேன். எஃப் 11 வைத்தால் உள்ளே இருக்கும் அப்பர்ச்சர் பிளேடுகள் கண் இமைக்கும் நேரத்தில் சுருங்கித் திரும்ப விரிய வேண்டும். இவை அசையவே இல்லை. இன்னொரு முறை அழுத்தினேன். தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி மெதுவாகப் பாதி தூரம் வந்து நின்றன. டார்ச் அடித்தால் பிளேடுகள் மேல் எண்ணெய் மினுமினுப்பு.

இதில் என்ன சூட்சுமம் என்றால், இந்த வகை லென்ஸில் நாம் எஃப் 11 வைத்தாலும் கேமரா பிளேடுகளை முழுக்கத் திறந்தேதான் வைத்திருக்கும். படம் எடுக்கும் அந்தக் கணத்தில்தான் சுருக்கும். வ்யூஃபைண்டரில் எத்தனை நேரம் பார்த்தாலும் கோளாறு தெரியாது. முழுக்கத் திறந்து எடுத்தால் படத்திலும் தெரியாது, ஏனென்றால் அப்போது பிளேடுகளுக்கு வேலையே இல்லை. எஃப் 11 கேட்டு பிளேடுகள் எஃப் 2.8லேயே நின்றுவிட்டால் வெளிச்சம் 16 மடங்கு கூடும். அந்த வெள்ளைக்கு அதுதான் காரணம். ஃபோகஸ் ஆழத்துக்கும், அதாவது முன்பின்னாகக் கூர்மையாகத் தெரியும் தூரத்துக்கும், அதே கதை. நிஜ அளவில் எஃப் 11 என்றால் ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், 2.8ல் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. சிலந்தியின் முகத்துக்கு அது எந்த மூலைக்கு? ரோஜா எடுப்பவருக்கு இந்த லென்ஸ் காலம் முழுக்கக் குறை சொல்லாமல் உழைத்திருக்கும்.

விற்றவருக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். “உங்க கேமராவுல ஏதோ பிராப்ளம்.” வேறொரு லென்ஸ் மாட்டி அது ஒழுங்காகச் சுருங்குவதையும் அனுப்பினேன். “நான் குடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு பிரதர், மூணு மாசம் கழிச்சு வந்து சொன்னா எப்படி?” அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதுதான் இன்னும் எரிச்சல். அவர் அனுப்பியிருந்த நான்கு ஃபைல்களையும் திறந்து விவரம் பார்த்தேன். நான்குமே 2.8. பூ சரி, பனித்துளி சரி. நாணயத்தைக் கிட்டத்தில் எடுக்கிறவர் யாராவது 2.8ல் எடுப்பாரா? அதில் பாதி எழுத்து மங்கிக் கிடந்தது; அழகு என்று நினைத்தவன் நான். நான்கையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். அதோடு பிளாக்.

பழுது பார்ப்பவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்ததும் சிரித்தார். மவுண்டில் இருக்கும் நான்கு ஸ்க்ரூக்களில் இரண்டின் தலை தேய்ந்து, உள்ளே வெள்ளியாகப் பளபளத்தது. ‘திறந்ததே இல்லை’ என்ற லென்ஸ்! முன்பு திறந்தவர் யாரோ ஃபோகஸ் சுற்றும் மரைக்கு அள்ளி கிரீஸ் பூசியிருக்கிறார். அதிலிருந்து எண்ணெய் பிரிந்து பிளேடுகளுக்கு இறங்கியிருக்கிறது. கழுவித் துடைத்துக் கொடுத்தார், மரியாதையான மனிதர். வாங்கிய விலையோடு கூலியைச் சேர்த்தால் புதுசுக்கு அவ்வளவு தூரமில்லை. எண்ணெய் மறுபடி இறங்கலாம் என்றும் சொல்லித்தான் அனுப்பினார்.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் ஃபிளாஷையும் கொண்டுபோங்கள். எஃப் 11லோ 16லோ வைத்து ஒரே வெள்ளைச் சுவரைப் பத்துத் தடவை எடுத்துப் பாருங்கள், பத்தும் ஒரே வெளிச்சமாக இருக்க வேண்டும். படபடவென்று அழுத்தாமல் நடுவில் ஒரு நிமிடம் விட்டு எடுங்கள். தொடர்ந்து அழுத்தினால் ஒட்டியிருக்கும் பிளேடுகள் இளகி ஒழுங்காக ஓடி ஏமாற்றிவிடும். கேமராவில் ஃபோகஸ் ஆழத்தை முன்கூட்டிக் காட்டும் பட்டன் இருந்தால் அதை அழுத்திக்கொண்டே முன்பக்கமாக உள்ளே பாருங்கள். ஸ்க்ரூ தலைகளையும்.

இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. போன வாரம் வேறொரு பெயரில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. இது 60 மில்லிமீட்டர் மேக்ரோ. புதுசு மாதிரி, திறந்ததில்லை. பின்னணி கரைந்த மூன்று பூக்கள். லென்ஸுக்குக் கீழே அதே நீலப் பூத்துணி.

என் தம்பியின் எண்ணிலிருந்து செய்தி போட்டிருக்கிறேன்: “எஃப் 11ல எடுத்த படம் ஒண்ணு அனுப்புங்க பிரதர்.”

இரண்டு நீல டிக் விழுந்து நான்கு நாள் ஆகிறது.