பெக் பூசிய லிப்போசோம் டொக்ஸோரூபிசின்: அம்மாவுக்கு ஏற்றிய அனுபவம்

சூலகப் புற்றுநோய் திரும்பி வந்தபோது அம்மாவுக்கு டொக்டர் எழுதிய மருந்து இது. அமெரிக்காவில் டொக்ஸில் என்றும் வேறு நாடுகளில் கேலிக்ஸ் என்றும் விற்கிறார்கள். கொழும்பில் எங்களுக்குக் கிடைத்தது இந்தியத் தயாரிப்பு. சாதாரண டொக்ஸோரூபிசினைவிட விலை பல மடங்கு. கொடுத்த காசுக்குப் பெறுமதியா என்றால், எங்கள் அம்மா விஷயத்தில் ஆம் என்பேன். ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

உள்ளே இருப்பது அதே பழைய சிவப்பு மருந்துதான். மேலதிகக் காசு அதைச் சுற்றியிருக்கும் லிப்போசோம் என்ற கொழுப்புக் குமிழுக்கும், அதன் மேல் பூசிய பெக் என்ற பொலிமருக்கும். குமிழின் அளவு ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரமாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்கு. நான் வெள்ளவத்தையில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறவள். ஆகவே இந்தப் பூச்சு ஏன் என்று டொக்டரை விடாமல் கேட்டேன். அவரும் பொறுமையாகச் சொன்னார்.

எந்த நுண்துணிக்கை இரத்தத்தில் இறங்கினாலும் அடுத்த கணமே புரதங்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். புறக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நம்மைச் சூழ்கிற வியாபாரிகள் மாதிரி: கிட்ட நிற்கிறவர்கள் முதலில் வருவார்கள், உண்மையில் அலுவல் உள்ளவர் பிந்தி வந்து அவர்களை விலக்கிவிட்டுக் கையைப் பிடிப்பார். இரத்தத்தில் அல்புமின் போல மிகுதியாக உள்ளவை முந்துகின்றன. இறுகப் பிணையக்கூடியவை பிறகு அந்த இடத்தைப் பிடிக்கின்றன. 2007இலிருந்து ஆய்வாளர்கள் இந்த உறையைப் புரதக் கொரோனா என்கிறார்கள். உடம்பின் கலங்கள் பார்ப்பது கம்பனி செய்து அனுப்பிய மேற்பரப்பை அல்ல, இந்த உறையைத்தான். பிறபொருளெதிரிகளும், கொம்ப்ளிமென்ட் என்ற நோயெதிர்ப்புப் புரதங்களும் ஒட்டினால், ஈரலிலும் மண்ணீரலிலும் இருக்கிற விழுங்கிக் கலங்கள் மருந்தைப் பிடித்துவிடும். பெக் நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு அந்தப் புரதங்களை ஓரளவு எட்ட நிறுத்துகிறது. அதனால் மருந்து நாட்கணக்கில் இரத்தத்தில் சுற்றுகிறது. அரைவாசி குறையவே ஏறத்தாழ 55 மணித்தியாலம். சாதாரண டொக்ஸோரூபிசின் சில நிமிடங்களிலேயே இரத்தத்தை விட்டு இதயம் உட்பட எல்லாத் திசுக்களுக்குள்ளும் போகத் தொடங்கிவிடும்.

ஓரளவு என்று சொன்னதைக் கவனியுங்கள், பெக் பூசியும் சில புரதங்கள் ஒட்டத்தான் செய்யும். முதல் முறை ஏற்றும்போது பை தெளிந்த சிவப்பாக இல்லாமல் லேசாகக் கலங்கியிருந்தது. அது அப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். சேலைனில் கலக்கக் கூடாது, 5 வீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும். தாதி நிமிடத்துக்கு 1 மில்லிகிராம் என்ற வேகத்தில் தொடங்கிவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிங்களப் பெண்தான், ஆனால் தமிழில், "அம்மா, நெஞ்சு இறுக்குதா?" என்று கேட்டபடியே. கொஞ்ச நேரத்தில் அம்மாவின் கன்னம் சிவந்தது. "நாரி நோகுது மிஸ்" என்றார். உடனே நிறுத்தினார்கள். எல்லாம் அடங்கியபின் இன்னும் மெதுவாகத் தொடங்கி முழுவதையும் ஏற்றி முடித்தார்கள். குமிழின் மேல் கொம்ப்ளிமென்ட் புரதங்கள் தூண்டப்படுவதால் இப்படி வரும் என்று கருதுகிறார்கள். அடுத்த முறைகளில் அம்மாவுக்கு அது வரவில்லை. அந்தத் தாதியின் கவனத்துக்கு என் முழு நன்றி.

குறை என்றால் கைகால்கள்தான். நீண்ட நேரம் சுற்றுகிற மருந்து உள்ளங்கையிலும் பாதத்திலும் கசிந்து தோலைச் சிவக்க வைத்து உரிக்கும். ஏற்றிய பிறகு சில நாட்களுக்குச் சுடுதண்ணீர்க் குளிப்பு, இறுக்கமான செருப்பு, கொழும்பு வெயிலில் நடை எல்லாவற்றையும் தவிர்த்தோம். அம்மாவுக்குத் தலைமுடி கொட்டவில்லை. அது அவருக்குப் பெரிய ஆறுதல். இதயத்துக்கு ஆபத்துக் குறைவு என்றாலும் எக்கோ பார்க்கத்தான் வேண்டும்.

அதிசயம் எதிர்பார்த்து வாங்காதீர்கள். பத்து வருட விலங்கு ஆய்வுகளை 2016இல் தொகுத்துப் பார்த்தபோது, ஏற்றிய நுண்துணிக்கைகளில் கட்டியைச் சென்றடைந்தது நடுப்பெறுமதியாக 0.7 வீதம்தான். ஒட்டுகிற புரதத்தையே துணையாக்கிக்கொண்ட மருந்தும் உண்டு. 2018இல் அங்கீகாரம் பெற்ற பட்டிசிரான் என்ற மருந்தின் கொழுப்புத் துணிக்கையில் அப்போ-ஈ புரதம் ஒட்டும். அதுவே அதை ஈரல் கலத்துக்குள் கொண்டு சேர்க்கும். புற்றுக் கட்டிகளுக்கும் அப்படியொன்று வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

வாங்கும்போது இரண்டு விஷயம். சிட்டையில் "லிப்போசோம்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள், இதற்குப் பதிலாகச் சாதாரண டொக்ஸோரூபிசினை ஏற்றவே கூடாது. அப்புறம் குளிர்: 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும், உறையவும் விடக் கூடாது. ஒரு பாமசியில் வெறும் ஷொப்பிங் பையில் போட்டு நீட்டினார்கள். நான் வாங்காமல் வந்துவிட்டேன். ஐஸ் பெட்டியில் வைத்துத் தந்த இன்னொரு இடத்தில்தான் பிறகு தொடர்ந்து வாங்கினோம்.

இந்தியத் தயாரிப்பு என்று தயங்குகிறவர்களுக்கு: இதன் முதல் ஜெனரிக்கை, அதாவது வேறு கம்பனி செய்த அதே மருந்தை, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அங்கீகரித்தது 2013இல், அதுவும் இந்தியாவின் சன் பார்மாவுடையதை. ஆனால் குமிழின் அளவும் பூச்சும் மாறினால் ஒட்டுகிற புரதங்களும் மாறக்கூடும் என்பதால், டொக்டரைக் கேட்காமல் நடுவில் கம்பனியை மாற்றாதீர்கள்.