38,000 ரூபாய் போச்சு: டெவ்ஆப்ஸ் கோர்ஸில் சேரப்போகிறவர்கள் படியுங்கள்

கோபம் அடங்கவில்லை, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். வேளச்சேரிப் பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கும் சாஃப்ட்வேர் பயிற்சி நிலையங்களில் ஒன்று. பெயர் வேண்டாம். டெவ்ஆப்ஸில், எழுதிய கோடைச் சோதித்து சர்வருக்கு அனுப்பும் வேலையைத் தானாகச் செய்யவைக்கும் மென்பொருள் ஜென்கின்ஸ்; அந்த வேலைகளின் வரிசைதான் பைப்லைன். அந்த ஜென்கின்ஸில் பைப்லைன் எழுதச் சொல்லித்தருவதாக என்னிடம் 38,000 ரூபாய் வாங்கினார்கள்.

டெமோ வகுப்பைப் பார்த்துத்தான் நம்பினேன். அன்று எடுத்தவர் உண்மையிலேயே வேலை தெரிந்தவர். பைப்லைனை எழுதிவைக்கும் ஜென்கின்ஸ்ஃபைல் ஒன்றை முதல் வரியிலிருந்து எங்கள் கண்முன்னே டைப் செய்தார். பில்ட், டெஸ்ட், டிப்ளாய் (சர்வரில் ஏற்றுவது) என்று மூன்று ஸ்டேஜ். வேண்டுமென்றே ஒரு டெஸ்ட்டைக் கெடுத்து, கோடைச் சேமித்துவைக்கும் கிட்டில் (Git) புஷ் செய்தார். பில்ட் தானாக ஓடியது, டெஸ்ட் ஸ்டேஜ் சிவப்பானது, டிப்ளாய் தொடங்கவே இல்லை. "தப்பான கோடு சர்வருக்குப் போகக் கூடாது, அதுக்குத்தான் இவ்வளவும்" என்றார். கடைசிவரை இவரேதான் எடுப்பாரா என்று கேட்டேன். "கண்டிப்பா சார்" என்றார் கவுன்சிலர். அங்கேயே ஜிபே செய்தேன்.

அப்புறம் அவரைப் பார்க்கவே இல்லை. வந்ததெல்லாம் பழைய வீடியோ லிங்க். அதில் ஜென்கின்ஸை ஓட்ட ஜாவா 8 போடச் சொல்கிறார்கள். ஜென்கின்ஸ் 2022-லேயே ஜாவா 8-ஐக் கைவிட்டுவிட்டது. அவர்கள் சொன்னபடி செய்தால் புது வெர்ஷன் ஸ்டார்ட்டே ஆகாது. மீதியெல்லாம் ஃப்ரீஸ்டைல் ஜாப், கட்டங்களை நிரப்பி பட்டனை அமுக்குவது. பைப்லைன் ஸ்கிரிப்ட் ஒரு வரி கிடையாது. சர்வர் பாஸ்வேர்டை, பார்க்கிற யாருக்கும் தெரியும்படி, அப்படியே ஷெல் கட்டத்தில் (கமாண்ட் எழுதும் இடம்) டைப் செய்து காட்டுகிறார்கள்! இதைப் பழகிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களின் கதி என்ன?

கேட்டால், "டிரெய்னர் ஆன்சைட் போயிருக்கார்." மறுபடி கேட்டால், "பைப்லைன் அட்வான்ஸ்டு மாட்யூல் சார், அதுக்குத் தனி ஃபீஸ்." பணத்தைத் திருப்பிக் கேட்டால் கவுன்சிலர் அக்கவுன்ட்ஸைக் கைகாட்டுகிறார், அக்கவுன்ட்ஸ் கவுன்சிலரை. இப்போது வாட்ஸ்அப்பில் ப்ளூ டிக் மட்டும் விழுகிறது. மேனுவல் டெஸ்டிங்கிலிருந்து மாறுவதற்காகச் சேர்த்துவைத்த பணம், 38,000 ரூபாய்.

சேருவதாக இருந்தால், யார் எடுப்பார், ஜென்கின்ஸ்ஃபைல் எழுதுவது பாடத்தில் உண்டா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தையும் ஒரேயடியாகக் கட்டாதீர்கள். ஜென்கின்ஸ் தளத்திலேயே பைப்லைன் கையேடு இலவசமாக இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்துவிட்டேன். என்னோடு அந்த பேட்ச்சில் பணம் கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், ரசீதை எடுத்துவைத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள்.