கிணறு வற்றுமுன் பழுப்பது எது? வத்தகை, வெள்ளரி, முலாம்

எங்கள் பக்கம் கொடிப்பயிருக்குக் கெடு வைப்பது கிணறுதான். காலபோக (மாரிகால) மழை ஓய்ந்து தை நடுவில் விதை போட்டால், சித்திரை வருஷத்தையொட்டிப் பழம் கைக்கு வந்துவிட வேண்டும். அதன் பிறகு வாளி சேற்றைத் தொடும். இருக்கிற தண்ணீர் குடிக்கவும் குளிக்கவுமே சரி. கையில் இருப்பது இரண்டரை மாதம். வட இலங்கையின் வன்னியில் வீட்டுத்தோட்டத்துக்குப் பழம் தேர்கிறவர் முதலில் நாளைத்தான் எண்ண வேண்டும், இனிப்பை அப்புறம் பார்க்கலாம்.

நாள் கணக்கில் முந்துவது நம் வெள்ளரிப்பழம். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் முதற்பழம் வரும். பிஞ்சைக் கறிக்கும் பறிக்கலாம். குறை என்ன? பழுத்தால் வெடிக்கும். தோல் மஞ்சளாகத் தொடங்கும்போதே வைக்கோலோ ஓலையோ சுற்றிக் கட்டாவிட்டால் காலையில் எறும்புதான் சாப்பிட்டிருக்கும். தன்னளவில் இனிப்பும் இல்லை, சீனியோ பனங்கட்டியோ வேண்டும். மாவாகக் கரையும் அந்தச் சதைக்கு ஈடு வேறில்லை என்பேன், பிள்ளைகள் ஒப்புக்கொள்வதில்லை.

வத்தகையில் (தர்பூசணி) 'சுகர் பேபி' வகைக்கு 75 முதல் 80 நாள். கரும்பச்சை உருண்டை, 3 முதல் 5 கிலோ. ஒரு குடும்பம் ஒரே இருப்பில் முடிக்கிற அளவு. வேர் ஆழமாக இறங்குவதால் நடுவில் இரண்டு நாள் இறைக்கத் தவறினாலும் மன்னிக்கும். பழம் முற்றும் கடைசிப் பத்து நாளில் தண்ணீரைக் குறைத்தால் இனிப்பு ஏறும், கிணறு இறங்குகிற நேரத்துக்கு அது தோதுதான். காம்படிச் சுருள் காய்ந்து, மண்ணில் பட்ட பக்கம் மஞ்சளானால் வெட்டலாம். சித்திரையில் இடிமழை திடீரென்று கொட்டினால் மட்டும் பழம் பிளக்கும்.

கடையில் விதையில்லா வத்தகை விதையும் காட்டுவார்கள். வாங்க வேண்டாம். அது காய்க்கப் பக்கத்தில் விதையுள்ள வத்தகை ஒன்று பூத்து மகரந்தம் தர வேண்டும். நாலு குழி வைப்பவருக்கு அந்த வம்பு எதற்கு? மற்றக் கலப்பின வத்தகைகள் நன்றாகக் காய்க்கும், ஆனால் எடுத்து வைக்கும் விதை தாயைப்போல வராது, வருஷாவருஷம் காசு.

முலாம்பழத்துக்கு 80, 90 நாள். வாசனையும் இனிப்பும் மற்ற இரண்டுக்கும் மேலே. ஆனால் இலையில் சாம்பல் நோய், பழத்தில் ஈ, நாளும் கவனம். பிஞ்சிலேயே கடதாசிப் பை கட்டினால்தான் ஈயிடமிருந்து மிஞ்சும். வலைபோட்ட தோலுள்ள வகையில் காம்பு தானாகக் கழரும்போது பறிக்க வேண்டும். முந்திப் பறித்தால் வைத்திருந்து மென்மையாகும், இனிப்பு ஏறாது.

இன்னொன்று: முலாமும் இந்த வெள்ளரிப்பழமும் ஒரே இனம். பக்கத்தில் வைத்தால் தேனீ கலந்துவிடும். இந்த வருஷப் பழத்துக்கு ஒன்றும் ஆகாது, அதன் விதையை அடுத்த தையில் போட்டால்தான் இரண்டுங்கெட்டான் காய்க்கும். வத்தகை இவற்றோடு கலக்காது.

மயில் முளையைக் கொத்துவது மூன்றுக்கும் பொது. முட்கொப்பு போடுங்கள்.

எங்கள் வளவில் இந்த முறை பத்துக் குழி. ஆறு சுகர் பேபி, மூன்று வெள்ளரி. முலாமுக்கு ஒன்று, அதுவும் சின்னவளின் பிடிவாதத்துக்காக.