மோட்டார்ஹோமுக்கு எந்த ஜிபிஎஸ்: தனிக் கருவியா, டேப்லெட்டா?

எங்கள் மோட்டார்ஹோமுக்கு, அதாவது வீடு போலத் தங்கிப் பயணிக்கும் வண்டிக்கு, முதல் ஜிபிஎஸ் கருவியை வாங்கியபோது பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ‘வாழ்நாள் மேப் அப்டேட்’ என்று போட்டிருந்தது. யாருடைய வாழ்நாள் என்று கேட்க அப்போது தோன்றவில்லை. ஐந்தாவது வருடம் பதில் கிடைத்தது. அதிலிருந்து நான் டேப்லெட் பக்கம் சாய்ந்துவிட்டேன். இந்த அலசலிலும் அந்தச் சாய்வு இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்துவிட்டுப் போகலாம். ‘நெட் இல்லாத இடத்தில் போன் வழி காட்டாதே, தனிக் கருவிதானே காட்டும்’ என்று பலர் கேட்கிறார்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் சிக்னலைப் பிடிக்க மொபைல் டேட்டா வேண்டாம். மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் காட்டுக்குள்ளும் போன் வழி சொல்லும். இருக்குமிடத்தைக் கண்டுபிடிப்பதில் போனுக்கும் கருவிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சரி, வண்டியின் உயரம். எங்கள் வண்டிப் புத்தகத்தில் 2.87 மீட்டர் என்று இருக்கிறது. ஏணி போட்டு ஏறி, கூரையில் உள்ள ஏசி மேல் நேரான மரச்சட்டம் ஒன்றை வைத்து, அதன் நுனியிலிருந்து தரைவரை டேப் பிடித்தபோது 3.08 வந்தது. ஏசி பின்னால் பொருத்தியது, புத்தகத்துக்கு அது தெரியாது. தண்ணீர்த் தொட்டி காலியாக இருந்தால் வண்டி ஸ்பிரிங்கில் இன்னும் கொஞ்சம் எழும்பும். அதனால் எந்தக் கருவி வாங்கினாலும் நான் கொடுக்கும் எண் 3.20. அமெரிக்காவின் டர்ஹாம் நகரில் 11 அடி 8 அங்குலப் பாலம் என்றே பேர் வாங்கிய ரயில் பாலம் ஒன்று உண்டு. லாரிகளின் கூரையைச் சீவித் தள்ளிய பாலம். 2019-இல் அதை 8 அங்குலம் உயர்த்தினார்கள். எச்சரிக்கைப் பலகை, விளக்கு எல்லாம் இருக்கிறது. இன்னமும் இடிக்கிறார்கள். தன் வண்டியின் உயரம் தெரியாதவருக்கு எந்தக் கருவியும் உதவாது.

இந்த உயரக் கணக்கிலேயே கூகுள் மேப்ஸும், வேஸ் (Waze) என்ற வழிகாட்டும் செயலியும் வெளியேறிவிடுகின்றன. போக்குவரத்து நெரிசலைச் சொல்வதில் அவற்றை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் வண்டி எவ்வளவு உயரம், எவ்வளவு எடை என்று சொல்ல அவற்றில் இடமில்லை. காருக்கான வழியைத்தான் தரும். நெடுஞ்சாலை ஓட்டத்துக்குப் பரவாயில்லை, கடைசி பத்து கிலோமீட்டருக்கு ஆபத்து.

டாஷ்போர்டிலேயே வரும் நேவிகேஷன் பற்றி நீளமாகப் பேச எனக்குத் தகுதி இல்லை. தெரிந்தவர் வண்டியில் இரண்டு நாள் பார்த்ததோடு சரி. திரை அழகு, வயர் தொல்லை இல்லை. ஆனால் அந்த வண்டியில் இருந்தது சரக்கு வேனுக்கு வரும் அதே திரை. மேலே வீடு கட்டியிருக்கிறார்கள் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. வாங்கும் முன் செட்டிங்கில் உயரம், எடை கேட்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

ஆகப் போட்டி இரண்டுக்கும்தான். ஒரு பக்கம் மோட்டார்ஹோமுக்கென்றே வரும் தனிக் கருவிகள்: கார்மின் கேம்பர் வரிசை (அமெரிக்காவில் இதையே ஆர்வி என்ற பெயரில் விற்கிறார்கள்), டாம்டாம் கோ கேம்பர் வரிசை. இன்னொரு பக்கம் டேப்லெட்டில் போடும், வண்டி அளவைக் கேட்கும் செயலிகள்: சிஜிக், கோபைலட், ஆஸ்ம்அண்ட் மாதிரி.

தனிக் கருவியில் எனக்குப் பிடித்தவை பிடித்தவைதான். சாவியைத் திருப்பினால் விழித்துக்கொள்ளும், போன் வந்தால் வரைபடம் மறையாது, வெயிலில் திரை தெரியும். செங்குத்து இறக்கம், கூர்மையான வளைவு வரும் முன் சொல்லிவிடும். உயரம், அகலம், நீளம், எடை நான்கையும் ஒரு தடவை கொடுத்துவிட்டு மறந்துவிடலாம். முதல் மூன்று வருடம் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை வந்தது அப்டேட்டில். பயணத்துக்கு முந்தைய இரவு, கருவியை கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைத்தேன். பத்து மணிக்குத் தொடங்கிய பதிவிறக்கம் ஒன்றரை மணிக்கு 92 சதவீதத்தில் நின்று, ‘போதிய இடமில்லை’ என்றது. புதிய மேப் வருடாவருடம் கொஞ்சம் பெருக்கிறது, கருவியின் நினைவகம் வாங்கிய அன்று இருந்த அளவிலேயே நிற்கிறது. மெமரி கார்டு வாங்கிப் போட்டு அந்த வருடத்தைத் தள்ளினேன். அடுத்த முறை இணைத்தபோது இந்த மாடலுக்கு இனிப் புதிய மேப் வராது என்று ஒரு வரிச் செய்தி. பெட்டிக்குள் இருந்த சின்ன எழுத்தை அப்புறம்தான் தேடிப் படித்தேன். வாழ்நாள் என்றால் கருவியின் வாழ்நாள். அதாவது நிறுவனம் அதைக் கவனிக்க நினைக்கும் காலம்வரை.

பழைய மேப்போடு ஓட்டினால் என்ன ஆகும்? புதிதாகப் போட்ட புறவழிச் சாலையில் போகும்போது திரையில் எங்கள் வண்டி வயலுக்குள் உழுதுகொண்டிருந்தது. அது சிரிப்பு. சிரிப்பில்லாதது இன்னொன்று. புதிதாகக் கட்டிய ஒரு ரயில் கீழ்ப்பாதை, கருவிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. “ஏங்க, போர்டுல 2.9னு போட்டிருக்கு” என்று பக்கத்து சீட்டிலிருந்து குரல் வராமல் இருந்திருந்தால் ஏசி அங்கேயே போயிருக்கும். பின்னால் எட்டு வண்டிகள். அவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்க, நான் ரிவர்ஸில் இருநூறு மீட்டர் வந்தேன். மோட்டார்ஹோம் ஓட்டுபவரின் மேப் பழசாவதும் கார்க்காரரின் மேப் பழசாவதும் ஒன்றல்ல. அவர் சுற்றிப் போவார், நாம் கூரையைக் கொடுப்போம்.

மேப்பை விடுங்கள், நாட்காட்டியே பழசாகும் கருவிகளும் உண்டு. ஜிபிஎஸ் சிக்னலில் வார எண் 10 பிட்டில், அதாவது பத்து இரும இலக்கங்களில் வருகிறது. 1,024 வாரம் முடிந்ததும் மறுபடி பூஜ்யம். 1999 ஆகஸ்டில் ஒரு தடவை, 2019 ஏப்ரலில் இன்னொரு தடவை அப்படித் திரும்பியது. மென்பொருள் அப்டேட் நின்றுபோன கருவிகள் சில அன்று தேதியைத் தப்பாகக் காட்டின. அடுத்தது 2038 நவம்பரில். அதுவரை எந்தக் கருவி உயிரோடு இருக்கப்போகிறது என்பது வேறு விஷயம்.

இப்போது என் வண்டியில் இருப்பது 8 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட், அதில் ஆஸ்ம்அண்ட். வண்டி அளவுகளை அதிலும் கொடுக்கலாம். மேப் முழுவதும் டேப்லெட்டிலேயே இருக்கும். இது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை எடுத்துக்கொள்கிறது, 2004-இல் தொடங்கிய, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய வரைபடம். மாதம் ஒரு முறை புதிய மேப் வருகிறது. வைஃபை உள்ள இடத்தில் நிறுத்தித் தூங்கினால் காலையில் தயார். நினைவகம் போதாமல் போனால் டேப்லெட்டை மாற்றுவேன், செயலி அப்படியே கூட வரும்.

எனக்கு இதைவிடப் பெரிய விஷயம், தப்பை நானே திருத்தலாம். அந்தக் கீழ்ப்பாதைக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் உயரம் குறிக்கப்படவில்லை. நிறுத்திய இடத்தில் அந்த வரைபடத்தில் விடுபட்டதைக் கேட்டு நிரப்பும் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலியைத் திறந்தால், இங்கே உயர வரம்பு எவ்வளவு என்று அதுவே கேட்டது. 2.9 என்று கொடுத்தோம். அடுத்த மாத மேப்பில் செயலி அந்த வழியைத் தவிர்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனது. தனிக் கருவியிலும் நிறுவனத்துக்குத் தப்பை எழுதி அனுப்பலாம்தான். நான் அனுப்பிய இரண்டுக்கும் பதில் வரவில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். யாரும் குறிக்காத பாலத்துக்கு உயர வரம்பே இல்லை என்று செயலி எடுத்துக்கொள்ளும். ஆள் நடமாட்டமும் ஆர்வலர்களும் குறைந்த பகுதிகளில் இந்த ஓட்டை பெரிது. காசு கொடுத்து வாங்கும் சிஜிக் போன்றவை நிறுவனங்களின் தரவை எடுத்துக்கொள்கின்றன. அதை ஒரே ஒரு பயணத்தில்தான் ஓட்டிப் பார்த்தேன். குரல் வழிகாட்டல் ஆஸ்ம்அண்டைவிடத் தெளிவாக இருந்தது, ஆனால் ஒரு பயணத்தை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆஸ்ம்அண்டின் மெனுக்கள் ஒரு காடு. முதல் வாரம் எரிச்சல் வரும்.

டேப்லெட் வாங்குவதாக இருந்தால் இரண்டைக் கவனியுங்கள். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் சிப் கிடையாது, சிம் போடும் மாடலில்தான் உண்டு. இன்னொன்று வெப்பம். ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்ப வரம்பு 35 டிகிரி. முன்கண்ணாடிக்குப் பின்னால் நண்பகலில் அதெல்லாம் ஒன்றுமே இல்லை. என் ஆண்ட்ராய்டும் முதல் கோடையில் இரண்டு முறை மங்கி அணைந்தது. ஏசி காற்று வரும் துவாரத்துக்கு முன்னால் கிளிப் போட்டு மாட்டிய பிறகு அணையவில்லை. முன்கண்ணாடி தள்ளி இருக்கும் பெரிய வண்டிகளில் கண்ணாடியில் ஒட்டினால் கையே எட்டாது, அதற்கும் இந்த இடம்தான் வசதி. சார்ஜரில் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவான ஒன்றைச் செருகி முழு வெளிச்சத்தில் ஓட்டினேன், சார்ஜ் ஏறுவதற்குப் பதில் இறங்கிக்கொண்டே இருந்தது.

செட்டிங்கில் கை வைக்கவே பிடிக்காதவர், வண்டியை மூன்று நான்கு வருடத்தில் விற்றுவிட நினைப்பவர், இவர்களுக்குத் தனிக் கருவியே நல்லது. வைஃபையில் அப்டேட் ஆகும் மாடலாக, கார்டு போட இடமுள்ளதாகப் பாருங்கள். பழையது வாங்குவதாக இருந்தால், கடைசியாக எந்த மாத மேப் ஏறியிருக்கிறது என்று திரையில் காட்டச் சொல்லிவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.