கே1000-க்கு எஸ்ஆர்44 பேட்டரிதான் சரி

பென்டக்ஸ் கே1000 ஃபிலிம் கேமராவில், வெளிச்சத்தை அளக்கும் மீட்டரை நிறுத்த சுவிட்சே கிடையாது. மூடி இல்லாமல் அலமாரியில் வைத்தால், லென்ஸில் விழும் வெளிச்சத்துக்கே பேட்டரி கரைந்துகொண்டிருக்கும். மூடியைப் போட்டுவிட்டால் உள்ளே இருட்டு, மின்சாரம் கிட்டத்தட்ட நின்றுவிடும்.

பேட்டரியை நான் வாங்குவது பினாங்கு ஜார்ஜ்டவுனில் லிட்டில் இந்தியா பக்கம் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவரிடம். இதே அளவில் வரும் எல்ஆர்44 அல்கலைன் பட்டன் பேட்டரி மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அதன் வோல்டேஜ் மெல்ல மெல்ல இறங்கும். பழைய கேமராக்கள் பலவற்றில் மீட்டர் கணக்கும் கூடவே தடுமாறும். சில்வர் ஆக்சைடு எஸ்ஆர்44 அப்படியில்லை. 1.55 வோல்ட்டில் கடைசிவரை நின்று, முடியும்போது சட்டென்று விழும். விலை கூடத்தான், ஆனாலும் நான் இதையே சொல்வேன்.

அண்ணன் பேட்டரியை வோல்ட்மீட்டரில் வைத்து எண்ணைக் காட்டிவிட்டுத்தான் தருவார். கேமராவின் அடியில் இருக்கும் மூடியைக் காசால் திருகி, உள்ளே பச்சை பூத்திருந்தால் துடைத்தும் கொடுப்பார். அந்தக் கவனத்துக்காகவே போகலாம். சில நாள் சரக்கு இருக்காது, அது ஒன்றுதான் குறை.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் காவடிகளைப் படமெடுத்தபோது மீட்டர் முள் சீராக நின்றது. கிளம்பும் முன் ஃபிலிம் வேகத்தை ஏஎஸ்ஏ 100, ஷட்டர் வேகத்தை ‘பி’ (B) என வைத்து லென்ஸ் மூடியைக் கழற்றிப் பாருங்கள். முள் மேலே எழுந்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது. அப்படியே தீர்ந்துபோனாலும் ஷட்டர் வேலை செய்யும், மீட்டர் மட்டும்தான் போகும். நெடுநாள் எடுக்கப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், நம் ஊர் ஈரம் பொல்லாதது.